அமெரிக்காவில் வீட்டுப் பத்திரத்தைக் கவுண்டி அலுவலகத்தில் எப்படித் தேடுவது, எப்படிப் பதிவது?

டெக்சஸில் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கி எட்டு வருடம் ஆகிறது, ஒரிஜினல் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தளத்தில் தேடினால் என் பெயரே வரவில்லை, மனைவி பெயரையும் சேர்க்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே பக்கம்தான் இருக்கிறேன், இதே மூன்று கேள்விகளோடும் சில வருடங்களுக்கு முன் அலைந்தவன். நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை நானே செய்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரிஜினல் கவலையை விடுங்கள். நம் எல்லோருக்கும் அது ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பயம். எங்கள் வீட்டில் கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களும் மஞ்சள் பையில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் இருக்கும். அப்பா வருடத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதிதாக இரண்டு அந்துருண்டை போட்டு மறுபடி உள்ளே வைப்பார். அது தொலைந்தால் போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு சான்று, அதற்கப்புறம்தான் நகல் பத்திரத்தை வைத்து விற்பதைப் பற்றி யாரும் பேசவே வருவார்கள். வங்கியில் கடன் வாங்கினாலும் அந்த ஒரிஜினலைத்தான் கொண்டுபோய் வைக்கிறோம்.

இங்கே அப்படி இல்லை. உங்கள் வங்கி உங்கள் பத்திரத்தை வைத்திருக்கவில்லை. வீடு வாங்கிய அன்று டைட்டில் கம்பெனியில், அதாவது சொத்தின் உரிமையைச் சரிபார்த்துக் கைமாற்றத்தை நடத்திக் கொடுக்கும் நிறுவனத்தில், ஒரு கட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டீர்களே, அதில் டீட் ஆஃப் டிரஸ்ட் என்று ஒரு கடன் பத்திரம் இருந்திருக்கும். வங்கியின் பிடி அதில்தான் இருக்கிறது, அதுவும் கவுண்டியில் பதிவாகி இருக்கும். உங்கள் கிரயப் பத்திரமான வாரன்ட்டி டீடில் விற்றவர் மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருப்பார், வாங்கியவர் போட வேண்டியதில்லை. அதைக் கவுண்டி கிளார்க் அலுவலகம் ஸ்கேன் செய்து, ஒரு எண் போட்டு, பொதுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு ஒரிஜினலைத் திருப்பி அனுப்பிவிடும். மின்வழியில் பதிவாகியிருந்தால் அச்சிட்ட நகல்தான் உங்களுக்கு வந்திருக்கும். அந்தத் தாள் தொலைந்தாலும் உரிமை போகாது, கவுண்டியில் ஏறிய பதிவுதான் கணக்கு. அதனால்தான் அந்தப் பதிவு சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, தேடுவது. பெயர் வரவில்லை என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, நீங்கள் எந்தக் கவுண்டியில் தேடினீர்கள் என்பதுதான். ஃபிரிஸ்கோ இரண்டு கவுண்டியில் கிடக்கிறது. கிழக்குப் பக்கம் காலின் கவுண்டி, அதன் தலைமையிடம் மெக்கின்னி. மேற்குப் பக்கம் டென்டன் கவுண்டி, தலைமையிடம் டென்டன். ப்ராஸ்பர் ஊரும் இப்படித்தான் இரண்டிலும் இருக்கிறது. தபால் முகவரியில் ஃபிரிஸ்கோ என்று மட்டும் இருப்பதால் இது தெரியாது. நண்பர்கள் எல்லோரும் காலின் என்று சொல்ல நானும் காலின் தளத்திலேயே இரண்டு நாள் தேடினேன், கடைசியில் சொத்து வரி பில்லை எடுத்துப் பார்த்தால் டென்டன் என்று போட்டிருந்தது. நீங்களும் அந்த பில்லைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கவுண்டி சரியாக இருந்தும் வரவில்லை என்றால், பெயரில்தான் சிக்கல் இருக்கும். ஊரில் வில்லங்கம் பார்க்க சர்வே எண்ணைக் கொடுத்தால் போதும், அந்த நிலத்தின் மேல் நடந்தது எல்லாம் வரிசையாக வந்துவிடும். இங்கே பதிவேட்டின் அட்டவணை, விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் என்ற இரண்டை வைத்துத்தான் ஓடுகிறது. கிரான்ட்டர், கிரான்ட்டீ என்று தேடல் பக்கத்தில் இருக்குமே, அதுதான். அதுவும் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் அடுத்து. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது.

முருகன் என்று ஒருவர், அவர் அப்பா பெயர் சுப்பையா என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் சு. முருகன். பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பையா என்று இருக்கலாம், சுப்பையா முருகன் என்றும் இருக்கலாம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதி, சொந்தப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் அமெரிக்க விசாவில் எஃப்என்யு, அதாவது முதல் பெயர் தெரியாது என்று விழுந்துவிடும், அதே எஃப்என்யு வீட்டுப் பத்திரம் வரை கூடவே வரும். எழுத்துக்கூட்டல் வேறு இருக்கிறது. பாலசுப்பிரமணியன் என்ற ஒரே பெயரைக் கடைசியில் எம் போட்டும் என் போட்டும், நடுவில் ஐ போட்டும் ஒய் போட்டும் எத்தனை விதமாக எழுதுகிறோம்! நீளமான பெயரை இரண்டாக உடைத்து, பின்பாதியைக் குடும்பப் பெயராக ஏற்றியிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் பத்திரத்தில் நடந்தது இதுதான். டைட்டில் கம்பெனியில் தட்டச்சு செய்தவர் என் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றி, அப்பா பெயரில் ஒரு எழுத்தையும் விட்டுவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய தாள் இல்லை என்பதால் நானும் அன்று அதைப் படிக்கவில்லை. விளைவு, என் பெயரில் தேடினால் கடன் பத்திரம் மட்டும் வருகிறது, கிரயப் பத்திரம் வரவில்லை. அன்று இரவு தூக்கமே இல்லை, சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கண்டுபிடித்தது இப்படி. ஒவ்வொரு கவுண்டிக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்று வரி மதிப்பீட்டுக்குத் தனி அமைப்பு இருக்கிறது. அதன் தளத்தில் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் போட்டால் உங்கள் சொத்தின் பக்கம் வரும். கீழே போனால், வீடு யாரிடமிருந்து யாருக்கு எந்தத் தேதியில் கைமாறியது என்றும், பத்திரத்தின் பதிவு எண் என்ன என்றும் ஒரு பட்டியல் இருக்கும். மேலே லீகல் டிஸ்கிரிப்ஷன் என்று மனைப்பிரிவின் பெயர், ஃபேஸ், பிளாக், லாட் (அதாவது மனை) எண் எல்லாம் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு கவுண்டி கிளார்க்கின் தேடல் பக்கத்துக்குப் போய்ப் பதிவு எண்ணைப் போடுங்கள், வந்துவிடும். எண் கிடைக்காவிட்டால் மனைப்பிரிவுப் பெயர், பிளாக், லாட் வைத்துத் தேடலாம். பெயரை வைத்தே தேடுவதானால் முழுப் பெயரைப் போடாதீர்கள், முதல் நான்கைந்து எழுத்து போதும், உங்கள் பெயருக்கு ஒரு முறை, அப்பா பெயருக்கு ஒரு முறை. ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்ரைசல் பக்கத்தில் உங்கள் பெயர் சரியாக இருப்பது வரிக்கு மட்டும்தான். ஊரில் வீட்டு வரி ரசீதில் பெயர் இருப்பதற்கும் பத்திரத்தில் இருப்பதற்கும் உள்ள அதே வித்தியாசம்.

பத்திரம் கிடைத்ததும் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பெயர், லாட், பிளாக், மனைப்பிரிவுப் பெயர். தெரு முகவரி தவறாக இருந்தால்கூட அவ்வளவு பயமில்லை, லாட் எண் தவறாக இருந்தால் பெரிய பிரச்சினை. விலை எங்கே என்று தேடாதீர்கள், டெக்சஸில் வாங்கிய விலையைப் பத்திரத்தில் போடுவதில்லை, 10 டாலரும் மற்ற மதிப்புள்ள பிரதிபலனும் என்றுதான் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பதறிப்போய் எனக்கு போன் செய்த நண்பர்கள் உண்டு.

என் பெயர்ப் பிழையைத் திருத்தக் கரெக்‌ஷன் அஃபிடவிட் என்று ஒன்று பதிந்தோம். டெக்சஸ் சொத்துச் சட்டத்தில் 5.028 என்ற பிரிவு இதற்காகவே இருக்கிறது. பெயரின் எழுத்துக்கூட்டல், இனிஷியல் மாதிரியான சின்னப் பிழைகளை, விவரம் நேரடியாகத் தெரிந்த ஒருவர் சத்தியப்பிரமாணமாக எழுதிப் பதியலாம், பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கு நகல் அனுப்ப வேண்டும். நான் டைட்டில் கம்பெனிக்கு மெயில் போட்டேன், அவர்களே தயாரித்துப் பதிந்து கொடுத்தார்கள். அந்தச் செலவை அவர்களிடமே கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். லாட்டையே மாற்றுவது, இன்னொரு நிலத்தைச் சேர்ப்பது போன்ற பெரிய திருத்தம் என்றால் விற்றவரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அதற்கு வக்கீல் வேண்டும்.

இப்போது மனைவி பெயரைச் சேர்ப்பது. பழைய பத்திரத்தில் பெயரை எழுதிச் சேர்க்க முடியாது, உங்களிடமிருந்து உங்கள் இருவருக்கும் என்று புதுப் பத்திரம் எழுத வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் க்விட்க்ளெய்ம் படிவத்தை (எந்த உத்தரவாதமும் தராமல் உரிமையை விட்டுக்கொடுப்பது) எடுத்து நிரப்பிவிடாதீர்கள், டெக்சஸில் அதைக் கண்டால் டைட்டில் கம்பெனிகள் முகம் சுளிக்கும், நாளைக்கு விற்கும்போது தொல்லை. ஒரு வக்கீலிடம் சில நூறு டாலர் கொடுத்து வாரன்ட்டி டீடாகவோ கிஃப்ட் டீடாகவோ எழுதி வாங்குங்கள். கடன் இருக்கும்போது பெயர் சேர்த்தால் வங்கி முழுப் பணத்தையும் கேட்குமோ என்று பயப்படுவார்கள். கணவனோ மனைவியோ உரிமையாளராக ஆவதைக் காரணம் காட்டி அப்படிக் கேட்கக் கூடாது என்று 1982-ஆம் வருட மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் மனைவி இன்னும் அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர் என்றால் மட்டும், கொடை வரிக் கணக்கை ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வரிக்குள் வராமல் கொடுக்கக்கூடிய வருட வரம்பு 2025-இல் 1,90,000 டாலராக இருந்தது. திருமணத்துக்குப் பின் சம்பாதித்து வாங்கியதானால் டெக்சஸில் அது ஏற்கெனவே இருவருக்கும் பொதுச் சொத்தாகவே கருதப்படும், அதனால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் சின்னதாகிவிடும், ஆனாலும் கேளுங்கள்.

அந்தப் புதுப் பத்திரத்தைப் பதிய நான் நேரில்தான் போனேன். ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தை மனதில் வைத்து, சாட்சி, போட்டோ, கைரேகை, டோக்கன் என்று அரை நாளுக்குத் தயாராகப் போயிருந்தேன். கையெழுத்து முன்னாலேயே நோட்டரி முன் போட்டு முத்திரை வாங்கியாகிவிட்டது, அதனால் கவுண்டரில் இருந்த அம்மாள் தாளை வாங்கி, மை வைத்துப் போட்ட அசல் கையெழுத்துதானா, கையெழுத்துக்குக் கீழே பெயர் தெளிவாக இருக்கிறதா, நோட்டரி முத்திரை படிக்கும்படி இருக்கிறதா என்று விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். வாங்குபவரின் தபால் முகவரி இருக்கும் இடத்தில் விரலை நிறுத்தி, ‘இது இல்லாமல்தான் நிறையப் பேர் வருகிறார்கள்’ என்றார். அந்த முகவரி இல்லாவிட்டால் டெக்சஸில் அபராதக் கட்டணம் உண்டு. அப்புறம் ஸ்கேன், பதிவு எண்ணும் தேதியும் நிமிடம் வரை நேரமும் அச்சான ஒரு தாள், ஒரிஜினல் என் கையிலேயே திரும்பி வந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டணம் இப்போது பொதுவாக முதல் பக்கத்துக்கு 25 டாலர் வாக்கில், அடுத்த பக்கங்களுக்குத் தலா 4 டாலர், இரண்டு பக்கப் பத்திரம் 30 டாலருக்குள் முடியும். முத்திரைத் தீர்வை கிடையாது. ஊரில் கிரயத்துக்கு 7 சதவீதமும் பதிவுக்கு 2 சதவீதமும் கட்டிய நமக்கு இதை நம்பவே கொஞ்ச நேரம் ஆகும்.

ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது தாள் விதிப்படி இருக்கிறதா என்பதை மட்டும்தான், எழுதிக் கொடுப்பவர் உண்மையான உரிமையாளரா என்பதை அல்ல. யாரோ ஒருவர் போலிக் கையெழுத்தோடு உங்கள் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வந்தாலும், தாள் சரியாக இருந்தால் பதிவாகிவிட வாய்ப்பு உண்டு. அதனால் பல கவுண்டிகள் இலவசமாக ஒரு எச்சரிக்கை வசதி வைத்திருக்கின்றன, உங்கள் பெயரில் ஏதாவது பதிவானால் மெயில் வரும். அதில் உங்கள் பெயரை எல்லா விதமான எழுத்துக்கூட்டலிலும், முன்பின் மாற்றியும் கொடுத்து வையுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண், லைசென்ஸ் எண் பத்திரத்தில் இருந்தால் பதிவதற்கு முன் அடித்துவிடுங்கள், சட்டமே அதற்கு அனுமதிக்கிறது.

பதிந்த சில வாரத்தில் அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வரும், உங்கள் பத்திரத்தின் நகலுக்கு 90 டாலர், 100 டாலர் அனுப்பு என்று. அனுப்பாதீர்கள், அது தனியார். கவுண்டியில் நகல் பக்கத்துக்கு 1 டாலர், சான்றளித்த நகல் என்றால் அதற்கு மேல் 5 டாலர்.

வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: கலிஃபோர்னியாவில் கவுண்டி ரெக்கார்டர், வட கரோலினாவில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ், கனெக்டிகட்டில் கவுண்டி நிர்வாகமே இல்லை, ஊர் கிளார்க்கிடம் போக வேண்டும். கட்டணமும் வரியும் எல்லா இடத்திலும் வேறு, பெயர்ச் சிக்கல் மட்டும் ஒன்றுதான்.

நீங்கள் பதிந்து ஒரு வாரம் கழித்து அதே தேடல் பக்கத்துக்குப் போய் உங்கள் பெயரை ஒரு முறை, மனைவி பெயரை ஒரு முறை போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அதே பதிவு எண் வர வேண்டும். வராவிட்டால் கையில் இருக்கும் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளார்க் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.