கட்டிலருகே எட்டுப் பேர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாம்பனில் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டதால் அம்மாவை ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். சீட்டு வாங்கவே இரண்டு மணி நேரம் நின்றோம். கழிப்பறையில் கால் வைக்க முடியவில்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். நேற்றுக் காலை எட்டு மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, மாற்றி மாற்றி அம்மாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். விலகிய சேலையை ஒருவரும் இழுத்து விடவில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதைக் கதவருகே நின்று பார்த்தேன். ஏழையின் உடம்பு என்றால் பாடப்புத்தகமா? இலவசத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா? கடன் வாங்கியாவது மதுரையில் தனியார் மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று, தகரப்பெட்டியில் கிடந்த என் அம்மாவின் பழைய மருத்துவச் சீட்டுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

வரிசையைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. கழிப்பறைக்கு நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆனால் ‘இலவசம்’ என்ற சொல்லை நீங்கள் எழுதியிருக்கவே கூடாது. சோப்பும் தீப்பெட்டியும் வாங்கிய ஒவ்வொரு நாளும் உங்கள் அம்மா வரி கட்டியிருக்கிறார். அந்தக் கட்டிலில் அவர் உரிமையோடு படுத்திருக்கிறார். பெற்ற மகனே அதைப் பிச்சை என்று நினைத்தால், வெள்ளை அங்கி போட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளை வேறெப்படி நினைக்கும்?

2010இல், கரிமூட்டத்துக்குச் சீமைக் கருவேல விறகு அடுக்கிக்கொண்டிருந்த என் அம்மாவைச் சுருட்டை விரியன் கடித்தது. 108 வண்டியில் இராமநாதபுரம் கொண்டுபோனோம். இந்த மாவட்டத்தில் அப்போது மருத்துவக் கல்லூரி கிடையாது. தமிழ்நாட்டில் 11 புதிய கல்லூரிகள் ஒன்றாகத் திறக்கப்பட்ட 2022 ஜனவரியில்தான் நமக்கும் ஒன்று கிடைத்தது. அம்மாவின் பல்லீறில் இரத்தம் நிற்காததால், விஷமுறிவு மருந்தை முதல் தடவை ஏற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே இரவுப் பணியில் இருந்தவர் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், அதாவது பயிற்சி மருத்துவர். அம்மாவின் கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, பிளாஸ்திரித் துண்டில் நேரத்தை எழுதி அதன்மேல் ஒட்டி, ஜன்னல் திட்டில் அசையாமல் நிறுத்தினார். இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது என்றார். நேரம் முடிந்ததும் குழாயை ஒருமுறை சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீராக ஓடியது. நஞ்சு இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மறுபடி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து, விடிகிற வேளையில் அதே பெண், சிவந்த கண்களோடு இன்னொரு குழாயைக் கொண்டுவந்தார். இந்த முறை சாய்த்தபோது இரத்தம் குழாயிலேயே கெட்டியாக நின்றது. குழாயை அவர் என்னிடம் நீட்டிக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை.

காலையில் பேராசிரியர் மாணவர்களோடு வந்தார். நோய்க்குறிப்பு அட்டையை எடுப்பதற்கு முன் அம்மாவின் பெயரைக் கேட்டார். “இந்தப் பிள்ளைகள் உங்கள் காலைப் பார்க்கலாமா?” என்றார். அம்மா தலையசைத்த பிறகுதான் போர்வையை முழங்கால்வரை மட்டும் விலக்கச் சொன்னார். பிறகு, பாம்பு எப்படி இருந்தது என்று அம்மாவையே சொல்லச் சொன்னார். அது சுருண்டு உடம்போடு உடம்பை உரசியதையும், சூடான சட்டியில் உப்பு பொரிவதுபோலச் சத்தம் வந்ததையும் அம்மா சொல்ல, எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாயிலிருந்து வந்ததைப் பத்துப் பேர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். “டாக்டருங்களுக்கு நான் பாடம் எடுத்தவ” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் அம்மாவின் வயிற்றைத் தட்டியதும் ஒரு பாடம்தான். மல்லாந்து படுத்திருக்கும்போது ஓரிடத்தில் மந்தமாகக் கேட்கும் ஒலி, ஒருக்களித்துப் படுத்தால் நீரோடு சேர்ந்து இடம் மாறும். அதை விரல் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கேன் கருவி இல்லாத ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளை தனியாக இரவுப் பணி பார்க்கப்போகும் பிள்ளைக்கு இந்த விரல் தேவை. நீங்கள் கடன் வாங்கித் தேடிப் போகும் மதுரை மருத்துவர்களில் பலர், 1954இல் தொடங்கிய அங்கத்தைய அரசுக் கல்லூரியில் உங்களையும் என்னையும் போன்றவர்களின் தாய்மார் உடம்பைத் தொட்டுத்தான் கற்றார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தபின், அந்த எட்டுப் பேரில் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளையும் இருக்கக்கூடும்.

ஆகவே கற்றுக்கொண்டது தவறில்லை. கேட்காமல் தொட்டதும், சேலையை இழுத்து விடாததும், திரையைப் போடாததும் தவறு. மன்னிக்கக் கூடாத தவறு. அதில் மாணவர்களைவிட உடனிருந்து கற்பித்தவரின் பங்கு பெரிது. ஈரலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவருக்கு “உங்கள் பெயர் என்ன, அம்மா?” என்று கேட்க அரை நிமிடம் போதும். பெயரைக் கேட்டுவிட்டுத் தொட்டால் அது சிகிச்சை. கேட்காமல் தொட்டால், எத்தனை நல்ல நோக்கம் இருந்தாலும், படுத்திருப்பவருக்கு அது அவமானம். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கல்லூரி தேர்வில் மதிப்பெண் போட வேண்டியது இதற்குத்தான். நீங்களும் இதைக் கேளுங்கள், தம்பி: உங்கள் கடிதத்தில் ‘அம்மா’ என்று பலமுறை வருகிறது, அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இப்போதைக்கு அவரை எங்கும் மாற்ற வேண்டாம். நீர் ஏன் கோத்தது என்பதே இன்னும் தெரியாத நிலையில், பாதிப் பரிசோதனையில் எடுத்துப்போனால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து, அதுவும் கடன் பணத்தில், செய்ய வேண்டிவரும். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. செவிலியரிடம் அதைக் கேளுங்கள். மாணவர்கள் பார்ப்பதில் விருப்பமில்லை என்று அம்மா சொன்னாலும் சிகிச்சை நிற்காது. ஆனால் அந்த முடிவு அவருடையது, உங்களுடையது அல்ல; இன்று இரவே அவரிடம் கேட்டுவிடுங்கள். நாளை காலை மருத்துவர்கள் சுற்றி வரும்போது கதவருகே நிற்காதீர்கள். கட்டிலருகே, தலைமாட்டில் நில்லுங்கள். சேலை விலகினால் நீங்களே இழுத்து விடலாம்.