பட்டறைக்குள் வெள்ளம்: பேக்கப் டிஸ்க் மட்டும் போதுமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் (பிறர் தரும் பொருளைக் கடைந்து கொடுக்கும்) பட்டறை நடத்துகிறேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் 4 சி.என்.சி. லேத், 11 பேர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உள்ளே மூன்றடி தண்ணீர் நின்றது. டேலி கணக்கு மென்பொருள் இருந்த கம்ப்யூட்டரும், அதே மேஜை டிராயரில் இருந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கின. இப்போது புது டிஸ்க் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: கணக்குக்குப் பாதி போதும், பட்டறைக்குப் போதாது. கணக்கு அழிந்தால் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆடிட்டரிடம் உள்ள பிரதிகளை வைத்துக் கஷ்டப்பட்டாவது திரும்ப ஏற்றிவிடலாம். லேத்தை இயக்கும் கன்ட்ரோலரில் உள்ள பாராமீட்டர் (அந்த மெஷினுக்கான அமைப்பு எண்கள்) அழிந்தால் மெஷின் அசையாது. அதை யாரும் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஃபானுக் போன்ற கன்ட்ரோலர்களில் பாராமீட்டர், ஆஃப்செட் (டூலுக்கான அளவுத் திருத்தம்), பார்ட் புரோகிராம் (பொருளைக் கடைவதற்கான கட்டளைகள்) எல்லாம் ஒரு சிறு பேட்டரியின் தயவில்தான் நிற்கின்றன. வெள்ளத்துக்குப் பின் கரன்ட் இல்லாமல் நாள்கணக்கில் மெஷின் கிடக்கும்போது, ஏற்கெனவே வலுவிழந்த பேட்டரி கைவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். ஐப்பசி பிறப்பதற்குள் பேட்டரியை மாற்றிவிடுங்கள். கன்ட்ரோலர் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு மெஷினின் பாராமீட்டரையும் மெமரி கார்டிலோ யு.எஸ்.பி.யிலோ எடுத்து, மெஷின் சீரியல் நம்பரையே ஃபோல்டருக்குப் பெயராக வையுங்கள். இரண்டு மெஷினும் ஒரே மாடல்தானே என்று ஒன்றோடு விட்டுவிடக் கூடாது. பேக்லாஷ், பிட்ச் எரர் (ஸ்குரூவின் தளர்வு, மரைப் பிழை) திருத்தங்கள் மெஷினுக்கு மெஷின் மாறும். மாற்றி ஏற்றினால் அளவு ஓடிவிடும்.

இனி டேலி. வீட்டில் இருக்கும் டிஸ்க் கடைசியாக எப்போது பட்டறைக்கு வந்து போனது? மூன்று வாரம் ஆகியிருந்தால் அந்த மூன்று வார பில்லும் உங்களிடம் இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டு டிஸ்க் வையுங்கள். சனிக்கிழமைதோறும் ஒன்று போக, மற்றது வரட்டும். தினசரி நகலுக்கு கிளவுட். ஆனால் ஃபோல்டரை அப்படியே சிங்க் செய்வதை பேக்கப் என்று நம்பாதீர்கள்: இங்கே ரான்சம்வேர் (பணம் கேட்டு ஃபைலைப் பூட்டும் வைரஸ்) பூட்டிய ஃபைல், சில நிமிடத்தில் அங்கேயும் பூட்டியபடியே போய்ச் சேரும். தேதி போட்ட தனித்தனி நகல்கள் வேண்டும். எல்லா கம்ப்யூட்டரிலும் கம்பெனியை மூடிய பிறகே பேக்கப் எடுங்கள். திறந்திருக்கும்போது காப்பி செய்த டேட்டா பல நேரம் உடைந்துதான் வரும். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில், புது ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பரும் கையிருப்புத் தொகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் செய்தால் இருக்கும் டேட்டாவும் அழிந்துவிடும்.

டேலி சீரியல் நம்பர், அதற்குப் பதிவு செய்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஓ.டி.பி. வரும் சிம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். இவை இல்லாமல் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியும் வேலை ஓடாது.

2023-இல் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். யு.பி.எஸ்., கம்ப்யூட்டர், மெஷின்களுக்கான ஸ்டெபிலைசர் எல்லாம் அந்தக் கோட்டுக்கு ஓரடி மேலே ஆங்கிள் ஸ்டாண்டில் ஏற வேண்டும். ஸ்டெபிலைசரைத் தரையிலேயே விடுவதுதான் வழக்கம், முதலில் நனைவதும் அதுதான். நடந்தே வரக்கூடிய தூரத்தில் குடியிருக்கும் இரண்டு பேரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று மாலையே மெயினை ஆஃப் செய்வது அவர்கள் வேலை. மெயினை மட்டும் ஆஃப் செய்தால் யு.பி.எஸ். பேட்டரியிலிருந்து லைனில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். உயிர் போவது இதில்தான். யு.பி.எஸ். சுவிட்சையும் பேட்டரி பிரேக்கரையும் கண்டிப்பாக இறக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்ப்போம்" என்று எதையும் ஆன் செய்யக் கூடாது. ஸ்லைடுவேயை (மெஷினின் பாகங்கள் நகரும் தடம்) நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, அன்றைக்கே துரு தடுக்கும் எண்ணெய் பூசுங்கள். ஒரு நாள் தள்ளினால் துரு பிடித்துவிடும். மோட்டார்களைக் காயவைத்து மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பாருங்கள். 415 வோல்ட் மோட்டாருக்குக் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். அதற்கு முன், மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் டிரைவிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மெக்கர் வோல்டேஜே டிரைவை எரித்துவிடும். நனைந்த ஹார்ட் டிஸ்க்கை வெயிலிலோ அரிசியிலோ வைக்காதீர்கள். சேறு தட்டின் மேல் காய்ந்து ஒட்டினால் மீட்பது கடினம். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் மூடி டேட்டா ரிகவரி லேபுக்குக் கொடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள். 20 லட்சம் சரக்கை 10 லட்சத்துக்கு இன்ஷூர் செய்திருந்தால், பாதி மதிப்புக்கே இன்ஷூரன்ஸ் என்பதால் நஷ்டத்திலும் பாதிதான்: 6 லட்சம் நஷ்டத்துக்குக் கிடைப்பது சுமார் 3 லட்சம்தான். உங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்கள் பெரிதாக அடிபடுவது இன்னொரு இடத்தில்: ரேக்கில் இருக்கும் ராடும் ஃபோர்ஜிங்கும் (அடித்து உருவாக்கிய இரும்புத் துண்டு) வேலை கொடுத்த பார்ட்டியுடையவை. அடுத்தவர் சரக்கு உங்கள் பொறுப்பில் இருப்பதாகப் பாலிசியில் தனியாகக் குறிப்பிடாவிட்டால் அதற்கு நஷ்டஈடு கிடைப்பது சிரமம். பார்ட்டியோ உங்கள் பில்லில் பிடித்துக்கொள்வார். ரெனியூவல் வரை காத்திருக்காமல் எண்டார்ஸ்மென்ட் (நடப்புப் பாலிசியில் திருத்தம்) போட்டுச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். செப்டம்பருக்குள் கேட்டுவிடுங்கள்.