எதிரே வரும் கல்

அன்புள்ள ஐயா,

வியாழனின் பாதையிலேயே அதனோடு சேர்ந்து ஓடும் ட்ரோஜன் சிறுகோள்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், 2015 பிஇசட்509 என்ற கல் ‘வியாழனின் பாதையிலேயே எதிர்த்திசையில் ஓடுகிறது’ என்று போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அங்கேயே நின்றுவிட்டேன். ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு ரயில் விட்டால் என்ன ஆகும்? இத்தனை காலம் மோதாமல் எப்படி? அது வேறொரு நட்சத்திரத்திலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

ம.

அன்புள்ள ம.,

‘பாதையிலேயே’ என்று எழுதியது என் தவறு. அந்தக் கல்லுக்கும் வியாழனுக்கும் பொதுவாக இருப்பது காலக் கணக்குதான். இரண்டும் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு. தடம் வேறு வேறு.

ஒரு தாளில் தட்டைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். அது வியாழன். தட்டை இரண்டு விரற்கடை நகர்த்தி இன்னொரு வட்டம் போடுங்கள். அது கல். ஒரு பக்கம் கல்லின் வட்டம் உள்ளே கிடக்கும், எதிர்ப்பக்கம் வெளியே பிதுங்கும். இப்போது கல் உள்ளே இருக்கும் பக்கத்தில் வட்டத்துக்கு ஒன்றாக இரண்டு விரல்களை வைத்து, எதிரெதிர்த் திசையில் ஒரே வேகத்தில் நகர்த்துங்கள். அரைச் சுற்றில் மறுபடி சந்திக்கும். அப்போது கல் வெளியே இருக்கும். வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு இரண்டு விரலும் ஒரே நேரத்தில் வரவே வராது!

நிஜத்தில் இந்தச் சந்திப்பு ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. கல் சூரியனை 48 கோடி கி.மீ. வரை நெருங்கும், 106 கோடி கி.மீ. வரை விலகும். வியாழன் இருப்பது சுமார் 78 கோடியில். கல்லும் வியாழனும் மிக நெருங்கும்போதும் நடுவே 17 கோடி கி.மீ.க்கு மேல் இடைவெளி உண்டு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ளதே 15 கோடிதான். உள்ளே போகும்போது வியாழன் ஒரு பக்கம் இழுக்கும், வெளியே போகும்போது மறுபக்கம். ஒன்றை மற்றொன்று நேர் செய்துவிடுகிறது. குறைந்தது பத்து லட்சம் ஆண்டாக இப்படி ஓடுகிறது என்று 2017-ல் வானியலாளர் பால் வீகெர்ட் குழு கணக்கிட்டுச் சொன்னது.

ட்ரோஜன்களின் கதை வேறு. 1906-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் வானியலாளர் மாக்ஸ் வோல்ஃப் கண்டுபிடித்த அகிலீஸ் என்ற ட்ரோஜன், வியாழன் போகும் திசையிலேயே சுமார் 60 டிகிரி முன்னால் போகிறது. அங்கே சந்திப்பு என்ற பேச்சே இல்லை.

வேற்று நட்சத்திரக் கதை 2018-ல் வந்தது. கணினியில் கல்லின் பாதையை 450 கோடி ஆண்டு பின்னோக்கி ஓட்டிப் பார்த்து இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது. பலர் ஏற்கவில்லை, நானும்தான். இன்றைய அளவீட்டில் மயிரிழைப் பிசகு இருந்தாலும் அவ்வளவு தூரம் பின்னே போகும்போது அது எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும்.

ஹவாய் தொலைநோக்கியில் அகப்பட்டதால் இந்தக் கல்லுக்கு ஹவாய் மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள். வியாழனுக்கு எதிராக ஓடும் குறும்புக்காரத் துணை என்று பொருள். அதைத் தமிழில் எழுத மூன்று முறை முயன்று கைவிட்டேன்.

கட்டுரையில் அந்த வரி இப்போது ‘வியாழன் எடுக்கும் அதே காலத்தில், எதிர்த்திசையில்’ என்றிருக்கும்.