கேம் ரூமுக்குக் கடையை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: டெக்சாஸில், ஹூஸ்டனை ஒட்டி ஹாரிஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எனக்கு ஒரு சின்ன ஸ்ட்ரிப் மால், அதாவது வரிசையாகக் கடைகள் உள்ள கட்டடம், இருக்கிறது. அதில் ஒரு கடை வெகுநாளாகக் காலி. கேம் ரூம் வைக்க ஒருவர் கேட்கிறார், மற்றவர்கள் தருவதைப்போல இரண்டு மடங்கு வாடகை தருகிறாராம். மிஷின் எல்லாவற்றிலும் அரசாங்க ஸ்டிக்கர் இருக்கிறது, அதனால் பயமில்லை என்கிறார். கரண்ட் கணக்கு மட்டும் என் பெயரிலேயே இருக்கட்டும் என்று கேட்கிறார். அட்வான்ஸ் செக் என் கையில் இருக்கிறது, இன்னும் பாங்கில் போடவில்லை. எனக்கு க்ரீன் கார்டு, விரைவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். லீஸில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இரண்டு மடங்கு வாடகை எதற்காக என்பதை முதலில் யோசியுங்கள். பிள்ளைகள் வீடியோ கேம் ஆடும் கடையால் அந்த வாடகை கட்டுப்படியாகாது. அவர் வைக்கப்போவது அனேகமாக 'எயிட் லைனர்', அதாவது காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் மிஷினின் டெக்சாஸ் பதிப்பு.

ஸ்டிக்கர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது காசு போட்டு ஆடும் மிஷினுக்கு மாநிலத்துக்கு ஆண்டு வரி (மிஷினுக்கு 60 டாலர்) கட்டியதற்கான அடையாளம், அவ்வளவுதான். வரி கட்டிவிட்டதால் சூதாட்டம் சட்டப்படியானதாகிவிடாது. மாநிலக் குற்றவியல் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, கேம் ரூம்காரர்கள் எல்லோரும் அதைத்தான் பிடித்துத் தொங்குவார்கள்: பரிசு பணமாக இருக்கக்கூடாது, பொம்மை மாதிரிப் பொருளாகவே இருக்கவேண்டும், ஒரு ஆட்டத்தில் கிடைக்கும் பரிசின் மொத்தவிலை அந்த ஆட்டத்துக்குக் கொடுத்த காசில் பத்து மடங்கு அல்லது 5 டாலர், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. ஐந்து டாலர் பொம்மைக்காக ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் வந்து உட்கார மாட்டார்கள். கிஃப்ட் சர்டிஃபிகேட் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் பார்த்தார்கள், டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2003-ல் அதுவும் பணம் மாதிரிதான் என்று சொல்லிவிட்டது. ஜெயித்த டிக்கெட்டைப் பிறகு வந்து திரும்ப ஆட வரவு வைத்துக்கொள்வதும் விலக்கில் அடங்காது என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. (அந்த வழக்கின் பெயரே 'மாநிலம் எதிர் 1,760 டாலர் ரொக்கம்'. பறிமுதல் வழக்குகளில் பணம்தான் பிரதிவாதி!)

சரி, கவுண்டிக்கு வருவோம். கேம் ரூம்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் முதலில் ஹாரிஸ் போன்ற சில கவுண்டிகளுக்குத்தான் இருந்தது, 2019-ல் மாநிலத்தின் எல்லாக் கவுண்டிகளுக்கும் வந்துவிட்டது. லாப நோக்கத்தில் நடக்கும் ஒரு இடத்தில் இந்த வகை மிஷின் ஆறு இருந்தாலே அது கேம் ரூம். அதற்குப் பெர்மிட் எடுக்கவேண்டும் என்று கவுண்டி விதி போடலாம், பெர்மிட்டுக்கு 1,000 டாலர் வரை கட்டணம் வாங்கலாம், பள்ளி, வழிபாட்டு இடம், குடியிருப்பு இவற்றுக்குப் பக்கத்தில் கூடாது என்று தூரம் குறிக்கலாம், உள்ளே வந்து சோதனையும் போடலாம். விதியை மீறினால் ஒரு மீறலுக்கு 10,000 டாலர் வரை சிவில் அபராதம், அதுவும் ஒவ்வொரு நாளும் தனி மீறலாகக் கணக்கு. "அப்படியானால் ஐந்து மிஷினோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று அவர் சொல்வார் பாருங்கள். கவுண்டி விதியிலிருந்து வேண்டுமானால் தப்பலாம், சூதாட்டச் சட்டத்துக்கு ஒரே ஒரு மிஷின் போதும்.

இப்போது கரண்ட் கணக்கு. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அதுதான். கேம் ரூமின் 'உரிமையாளர்' யார் என்று மாநிலச் சட்டம் ஒரு நீளமான பட்டியல் போடுகிறது: லாபத்தில் பங்கு வாங்குபவர் மட்டுமல்ல, கேம் ரூமுக்காக லீஸில் கையெழுத்துப் போடுபவர், கரண்ட், தண்ணீர்க் கணக்கைத் திறப்பவர், விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பவர், அலாரம் பெர்மிட்டில் கையெழுத்திடுபவர், எல்லோரும் வருகிறார்கள். பின்னால் இருப்பவர் பினாமி பெயரில் ஒளிந்துகொள்ளக்கூடாது என்பதற்காகப் போட்ட பட்டியல் இது. லீஸில் கையெழுத்து என்பது எடுப்பவரை மட்டும் குறிக்கிறதா, கொடுப்பவரையும் சேர்த்தா என்று அந்த வாசகம் பிரித்துச் சொல்லவில்லை. எடுப்பவரைத்தான் குறிக்கிறது என்று நான் வாதாடுவேன், ஆனால் அந்த வாதத்தை உங்கள் செலவில் நடத்திப் பார்க்க எனக்கு ஆசையில்லை. கரண்ட் கணக்கும் உங்கள் பெயரில் இருந்தால் வாதமே பாதி போச்சு. அவர் அதைக் கேட்பது வசதிக்காக அல்ல என்றே நினைக்கிறேன்.

இதை விட்டாலும், கட்டட உரிமையாளருக்கென்றே தனிக் குற்றம் இருக்கிறது. சூதாட்டத்துக்குப் பயன்படும் என்று எதிர்பார்த்து இடத்தை வாடகைக்கு விடுவதும், தெரிந்தே அனுமதிப்பதும் கிளாஸ் ஏ குற்றம்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். என்னிடம் கேட்டு எழுதிவிட்டீர்கள், இனி "எனக்குத் தெரியாது" என்பது எடுபடுவது சிரமம். அது போக, பொதுத் தொல்லை என்று சிவில் வழக்குப் போட்டு, இடத்தையே ஓராண்டு பூட்டிவைக்கவும் நீதிமன்றம் உத்தரவிட முடியும். அப்புறம் மற்ற வாடகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

குடியுரிமை விஷயம்: சூதாட்டக் குற்றத்தில் இரண்டு தண்டனை, அல்லது வருமானத்தில் பெரும்பகுதி சட்டவிரோத சூதாட்டத்திலிருந்து வருவது, இரண்டில் எது இருந்தாலும் 'நன்னடத்தை' இல்லை என்று குடியேற்றச் சட்டமே சொல்கிறது. ஒரே ஒரு கைது நடந்தாலும் விண்ணப்பப் படிவத்தில் சொல்லியாகவேண்டும். லீஸைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரு குடியேற்ற வக்கீலையும் பாருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் சரிபார்க்கவேண்டும். தபால் முகவரியில் ஹூஸ்டன் என்று இருப்பதால் மட்டும் கடை நகர எல்லைக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எல்லைக்குள் இருந்தால் நகரத்தின் விதிகளையும் பார்க்கவேண்டும். சொத்து வரி ரசீதில் ஹூஸ்டன் நகர வரி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

செக்கைப் பாங்கில் போடாதீர்கள். "வாடகைக்கு விடவில்லை, செக்கைத் திருப்பி அனுப்புகிறேன்" என்று ஒரு வரி எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எழுதவேண்டாம். அடுத்து வருபவரின் லீஸில், பரிசு தரும் மிஷின் எதுவும் வைக்கக்கூடாது, வைத்தால் லீஸ் உடனே ரத்து என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். சலூனுக்கென்று எடுத்துவிட்டு, பின் அறையில் மிஷினை இறக்குபவர்களும் உண்டு.