டவர்: வரைந்து காட்டிய ஆவணம் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீத் மெய்ட்லாண்ட் இயக்கிய ‘டவர்’ (2016) பார்த்தேன். 1966 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்டினில், டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கீழே போனவர்களையெல்லாம் சுட்டதைப் பற்றிய படம். பெரும்பகுதி அனிமேஷன். பேசுகிறவர்கள் நடிகர்கள். இதை எப்படி ஆவணப்படம் என்கிறார்கள்? டிவி குற்ற நிகழ்ச்சிகளில் ‘சித்தரிக்கப்பட்டவை’ என்று மூலையில் போட்டுக் காட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கொலையாளியைப் பற்றி ஏன் படத்தில் பேச்சே இல்லை?

க.

அன்புள்ள க.,

கொலையாளி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். வித்தியாசம் வேலையின் வரிசையில் இருக்கிறது. டிவியில் எஃப்.ஐ.ஆரின் நாலு வரி போதும், மிச்சத்தை நடிகர் பார்த்துக்கொள்வார். இங்கே வாய்மொழிதான் முதலில். பமீலா கோலஃப் 2006இல் ‘டெக்ஸாஸ் மந்த்லி’ இதழில், அங்கே இருந்தவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே தொகுத்தார். படத்தின் வேர் அது. மெய்ட்லாண்ட் அவர்களில் பலரைத் தாமே பேட்டி கண்டார். அந்தப் பேச்சை இளம் நடிகர்கள் பேசி நடித்தார்கள். நடித்ததைப் படம்பிடித்து, அதன் மேலேயே ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்தார்கள். ரோட்டோஸ்கோப் என்கிற இந்த முறை பழைய கார்ட்டூன் படைப்பாளி மேக்ஸ் ஃப்ளைஷர் காலத்தது, நூறு வயது தாண்டியது. ஆஸ்டினுக்கு இது உள்ளூர்ச் சரக்கும்கூட. இயக்குநர் லிங்க்லேட்டர் இதே முறையில் எடுத்த ‘வேக்கிங் லைஃப்’ (2001) அங்கே உருவானதுதான்.

செலவு பிடிக்கிற வேலை. சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12, நிமிடத்துக்கு 720 படங்கள். இதைவிடக் குறைத்தால் நடப்பவர் தத்துவார். 24ஐயும் தனித்தனியாக வரைந்தால் கோடுகள் நெளிந்துகொண்டே இருக்கும், முகத்தில் கண் நிற்காது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் வரைய வேண்டும்? அன்றைய கறுப்பு வெள்ளைச் செய்திப் படச்சுருள் கொஞ்சம் கைவசம் இருக்கிறது. அதன் பக்கத்தில் நடிகர்களை வைத்து எடுத்த காட்சியை ஒட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். அது போலி என்று பல்லிளிக்கும். அல்லது அசலோடு கலந்து, பார்க்கிறவன் எது எதென்று தெரியாமல் நம்பிவிடுவான். இரண்டாவதுதான் ஆபத்து. கோட்டுச் சித்திரம் அப்படி ஏமாற்ற முடியாது. ‘சித்தரிக்கப்பட்டவை’ என்ற எழுத்து மூலையில் தேவையில்லை, ஒவ்வொரு ஃப்ரேமும் அதையே சொல்கிறது. பிற்பகுதியில் வரைந்த முகம் விலகி, அதே ஆள் ஐம்பது வருடம் கழித்து நிஜமாக உட்கார்ந்து பேசும்போது தூக்கிவாரிப் போடுவது இதனால்தான்.

அடுத்தது நேரம். கோபுரம் என்றதும் நமக்குக் கோயில் ஞாபகம் வரும். இது ஒரு காலத்தில் நூலகத்துக்காகக் கட்டிய கட்டடம். 28ஆம் மாடியில், தரையிலிருந்து 231 அடி உயரத்தில் பார்வை மேடை. அதற்கு மேலே நாலு பக்கமும் கடிகாரம். துப்பாக்கிப் புகை தெரிகிற புகைப்படத்தில் முள்ளும் சேர்ந்து விழுந்திருந்தால், அந்தப் படம் எடுத்த நிமிடத்தை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு கயிறு ரேடியோ. ஆஸ்டினின் ஒலிபரப்பு நிலையமான கே.டி.பி.சி.யின் செய்தியாளர் நீல் ஸ்பெல்ஸ் சம்பவ இடத்திலிருந்தே நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தார். சாட்சிகளின் ஞாபகத்தில் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாக நீளும். அதை இப்படிப்பட்ட தடயங்களில் கட்டித்தான் 11:48 முதல் 1:24 வரையிலான 96 நிமிடத்தையும் அடுக்க முடியும்.

மறுஆக்கங்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒலியில். ‘டுமீல்’ என்று கேட்கும், ஆள் விழுவான். ரைஃபிள் குண்டு ஒலியைவிட வேகமானது. 400 மீட்டரில் குண்டு வர ஏறக்குறைய அரை நொடி, சத்தம் வர ஒரு நொடிக்குமேல். அதாவது ஆள் விழுந்து பதினைந்து ஃப்ரேம் கழித்துத்தான் வெடிச்சத்தம் கேட்க வேண்டும். அதுவும் கல் சுவர்களில் மோதி, எந்தத் திசையென்று புரியாமல். கொஞ்ச நேரத்தில் ஊர்க்காரர்கள் மான் வேட்டைத் துப்பாக்கிகளோடு வந்து கீழிருந்தும் சுட ஆரம்பித்தார்கள். மேலே இருந்தவன் மழைநீர் வடியும் துளைகள் வழியாகச் சுட வேண்டியதாயிற்று. ஒலிக்கலவை செய்பவர் அதற்குப் பிறகு இரண்டு திசைகளையும் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கிளேர் என்ற மாணவிக்கு அப்போது 18 வயது, எட்டு மாதக் கர்ப்பிணி. மின்கம்பியை மிதித்தது போல இருந்தது என்றுதான் குண்டு பட்டதைச் சொல்கிறார். பக்கத்தில் காதலன் இறந்து கிடக்கிறான். கொதிக்கிற கான்கிரீட்டில் அவர் நகர முடியாமல் கிடக்க, ரீட்டா ஸ்டார்பேட்டர்ன் ஓடிவந்து பக்கத்திலேயே படுத்து, மயங்கிவிடாமல் அவரைப் பேச வைத்துக்கொண்டே இருந்தார். இந்தக் காட்சியில் அந்த இரண்டு பெண்களும் துப்பாக்கிக்காரனைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்க்காததைக் கேமரா பார்த்தால் அது யாருடைய சாட்சியம்? அதனால் படம் தரையிலேயே கிடக்கிறது. போலீஸ்காரர்கள் மேலே ஏறும்போதுதான் தானும் ஏறுகிறது. அவன் யார், ஏன் செய்தான் என்று வேறெங்கும் படித்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. கோபுரத்துக்குப் போகுமுன் அவன் தன் தாயையும் மனைவியையும் கொன்றிருந்தான். 96 நிமிடம் என்று எல்லை வகுத்ததும் அந்த இரண்டு பெண்களும் ஓரமாகப் போய்விடுகிறார்கள். வேண்டுமென்று விட்டதாகச் சொல்ல மாட்டேன். கண்டவர் சொல்லை மட்டும் வைத்துக் கட்டுகிற முறை இது. அந்த ராத்திரி இரண்டு வீடுகளுக்குள் நடந்ததைச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

அன்புடன்