பார்க்காமல் வாங்கிய எத்ரோக் பழம் ஏமாற்றமளித்தால், யூதச் சட்டப்படி திருப்பித் தரலாமா?

மனத்துக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் முடியாது. சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் தாராளமாகத் திருப்பலாம்.

சுக்கோத் என்ற யூதப் பண்டிகையில் கையில் ஏந்தும் நான்கு தாவர வகைகளில் ஒன்று எத்ரோக். நம் நார்த்தங்காய்க்கு உறவு. பெட்டியில் வருவதை நம்பி முன்பணம் கட்டுகிறவர்கள் உண்டு என்பதால் இந்தச் சிக்கல் எழுகிறது.

பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் பாவா பத்ரா பகுதி கோதுமையை வைத்தே இதை அலசிவிடுகிறது. நல்லது என்று விற்றது மட்டமாக இருந்தால் வாங்கியவர் பின்வாங்கலாம். மட்டம் என்று விற்றது நல்லதாக இருந்தால் விற்றவர் பின்வாங்கலாம்! வியாபாரியின் வயிற்றெரிச்சலுக்கும் சட்டத்தில் இடம் கொடுத்தார்களே என்று இதை நான் ரசிப்பதுண்டு. மட்டம் என்றே சொல்லி மட்டத்தையே கொடுத்திருந்தால் இருவரும் வாய் திறக்க முடியாது.

ஆகவே, 'சாதாரண ரகம்' என்று வாங்கிய பழம் சற்றுக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நுனியை நோக்கிச் சரியும் பகுதியில் கண்ணுக்குத் தெரியும் சிறு கரும்புள்ளி இருந்தாலே பழம் சடங்குக்கு ஆகாது. உருப்பெருக்கியில் மட்டும் தெரிவது கணக்கில் வராது. சடங்குக்கு உரியது என்று விற்றது ஆகாததாக இருந்தால் அந்த விற்பனையே செல்லாது. விற்றவருக்கு முன்பே தெரியுமா என்பது பொருட்டல்ல. எது குறை என்பதில் தகராறு வந்தால், அந்த ஊர் வழக்கத்தில் குறையாகக் கருதப்படுவதே குறை என்கிறார் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறை தெரிந்த பிறகும் பொருளைப் பயன்படுத்தினால், அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பிறகு திருப்பும் உரிமை போய்விடும். பண்டிகையின் முதல் நாளில் பழம் உங்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பழத்தை ஏந்தி ஆசியுரை சொல்லிவிட்டு, மறுநாள் 'விற்பனை செல்லாது, பணத்தைக் கொடு' என்று கேட்டால், முதல் நாள் ஏந்தியது யாருடைய பழம் என்ற கேள்வி வந்துவிடும். எனவே பெட்டி வந்தவுடன் யூத மதகுருவான ரபியிடம் காட்டிவிடுங்கள்.

விலையில் ஏமாந்தது தனி வழக்கு: சந்தை விலையைவிட ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வாங்கியிருந்தால் விற்பனையை ரத்து செய்யலாம். ஆனால் வேறொரு வியாபாரியிடம் காட்டி விலை கேட்டறியும் அளவுக்குத்தான் அவகாசம்.

வேத வசனச் சுருளை உள்ளே வைத்து, பிரார்த்தனையின்போது கையிலும் தலையிலும் கட்டிக்கொள்ளும் தோல்பெட்டிகளான தெஃபிலின் வாங்குகிறவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. தோல்பெட்டிக்குள் தைத்து மூடிய சுருளில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தாலும் அது செல்லாது. பல ஆண்டுகள் கழித்துப் பிரித்துப் பார்த்துத் தெரிந்தாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.