கோத்தகிரிச் சரிவில் ஓர் ஆன்டெனா: லீனியர் வாங்கும் முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) 100 வாட் ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் கருவி) வைத்திருக்கிறேன். 20 மீட்டர் பேண்டுக்கு (14 மெகாஹெர்ட்ஸ்) ஓர் இன்வெர்டட் வீ, அதாவது தலைகீழ் V வடிவக் கம்பி ஆன்டெனா. உச்சி தரையிலிருந்து 6 மீட்டர். அங்கிருந்து வீட்டுக்கு 35 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். ஜப்பான், ஆஸ்திரேலியா நன்றாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாதான் சிரமம்: என் காதில் விழும் நிலையங்களில் பாதி எனக்குப் பதில் தருவதே இல்லை. மாலையானால் இரைச்சல் ரிக்கின் எஸ் மீட்டரில் (சிக்னல் பலம் காட்டும் அளவி) எஸ்7 வரை ஏறிவிடுகிறது. என் உரிமம் 400 வாட்டை அனுமதிக்கிறது. அதற்கென்று பணமும் சேர்த்து வைத்திருக்கிறேன். லீனியர் (ரிக்கின் சக்தியைக் கூட்டும் பெருக்கி) வாங்கலாமா, யாகி (ஒரு திசையை நோக்கி வீசும் ஆன்டெனா) போடலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். உங்கள் பணத்தில் ஒரு சிறு பகுதியை நல்ல கேபிளுக்கும் கயிறுக்கும் கப்பிக்கும் ஃபெரைட் வளையங்களுக்கும் செலவழியுங்கள். மீதியை வங்கியிலேயே விட்டுவையுங்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

100 வாட்டை 400 வாட் ஆக்கினால் கிடைக்கும் லாபம் 6 டெசிபல். எஸ் மீட்டரில் ஒரு எஸ் யூனிட் என்பதே 6 டெசிபல்தான். அதாவது ஐரோப்பாவில் உங்களை எஸ்4-இல் கேட்டவர் இனி எஸ்5-இல் கேட்பார். இரைச்சலின் விளிம்பில் அந்த ஒரு யூனிட் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லீனியர் உங்கள் காதுக்கு எதுவும் செய்யாது. நீங்கள் கேட்பது முன்போலவே எஸ்7 இரைச்சலுக்கு அடியில் கிடக்கும்.

இப்போது உயரத்தைப் பாருங்கள். 20 மீட்டர் பேண்டில் 6 மீட்டர் உயரம் என்பது அலைநீளத்தில் கால் பங்கைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். அந்த உயரத்தில் கட்டிய டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி; உங்கள் இன்வெர்டட் வீயும் இந்த வகைதான்) தன் சக்தியில் பெரும்பகுதியை வானத்தைப் பார்த்து அனுப்பும். சென்னையோடும் ஹைதராபாத்தோடும் பேச அது சரி. ஆனால் ஐரோப்பா போக அலை அடிவானத்தை ஒட்டி, பெரும்பாலும் 5 முதல் 15 டிகிரிக்குள் கிளம்ப வேண்டும். அதே கம்பியை 12 மீட்டருக்கு ஏற்றினால், சமதரைக் கணக்குப்படி 10 டிகிரி கோணத்தில் கிடைக்கும் லாபம் 6 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. லீனியர் தருவதும் ஏறத்தாழ அதுதான். ஆனால் உயரம் தருவது அனுப்பும்போதும் கிடைக்கும், கேட்கும்போதும் கிடைக்கும். மின்கட்டணமும் இல்லை.

12 மீட்டருக்கு டவர் எதற்கு? தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் அந்த உயரத்தை எளிதாகத் தாண்டும். ஆணி அடிக்காதீர்கள், கிளைக்கவட்டில் ஒரு கயிற்றைப் போட்டு அதில் கப்பியைத் தொங்கவிடுங்கள். கம்பியை இழுக்கும் கயிற்றின் மறுமுனையைக் கட்டிவிடாமல், மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிடுங்கள். ஆடி மாதக் காற்றில் மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், கம்பி அறாது. கயிற்றை எறியும் இடத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறது என்றால் அந்த மரத்தையே மறந்துவிடுங்கள். இதில் யாரோடும் சமரசம் கிடையாது.

கம்பியின் இரு முனைகளும் எவ்வளவு தாழ்வாக வருகின்றன என்பதையும் பாருங்கள். அனுப்பும்போது முனைகளில்தான் மின்னழுத்தம் அதிகம். கை பட்டால் சுடும். கொழுந்து பறிப்பவர்கள் நடமாடும் வரிசைக்கு மேலே முனை தொங்கக் கூடாது. கோத்தகிரியில் காட்டெருமை தோட்டத்துக்குள் வருவது உங்களுக்கே தெரியும். தாழ்ந்த கயிறு கொம்பில் மாட்டினால் ஆன்டெனாவும் போகும், அந்த விலங்கும் மிரளும். முனைகளை 3 மீட்டருக்கு மேலேயே நிறுத்துங்கள்.

அடுத்து உங்கள் மலை. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் எளிதாகக் கிடைப்பதற்கும் ஐரோப்பா அடம்பிடிப்பதற்கும் ரிக் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஊரிலிருந்து டோக்கியோ சுமார் 55 டிகிரி திசையில், வடகிழக்கே இருக்கிறது. சிட்னி சுமார் 126 டிகிரி, தென்கிழக்கே. கோத்தகிரிக்குக் கிழக்கே மலை சமவெளியை நோக்கி இறங்குகிறது. தரை சரிந்து இறங்கும் பக்கம் ஆன்டெனாவின் கதிரும் கூடவே தாழ்கிறது. 15 டிகிரி சரிவு என்றால், கதிர் ஏறத்தாழ அதே அளவு கீழே இறங்கிப் போகும். லண்டன் திசை சுமார் 321 டிகிரி, அதாவது வடமேற்கு. மேற்கே தொட்டபெட்டா மலைத்தொடர், வடமேற்கே மேட்டு நிலம். உங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு மேலேறினால் அந்தப் பக்கம் கதிர் நிமிர்ந்துவிடும். கைப்பேசியில் கோணம் அளக்கும் செயலி ஒன்றை வைத்து, 321 டிகிரி திசையில் மேடு எத்தனை டிகிரி வரை வானத்தை மறைக்கிறது என்று பாருங்கள். 5 டிகிரி என்றால் கவலை வேண்டாம். 15 டிகிரி என்றால், வீட்டருகே எவ்வளவு வாட் ஊற்றினாலும் மலை குடித்துவிடும். தோட்டத்தின் மேல் விளிம்புக்கு ஆன்டெனாவைக் கொண்டுபோவதுதான் வழி.

சரிவை வேலைக்கு வைத்துக்கொண்டதற்கு உங்கள் மாவட்டத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி சாய்ந்த சரிவாகத் தேடிப்பிடித்து அதன் மேல் கிடத்தினார்கள். அதனால் அதன் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது; ஒரே அச்சில் திருப்பியே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. அதன் குவியத்தில் இருப்பவையும் வரிசையாக அடுக்கிய டைபோல்கள்தான். முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கம்பி ஓடும் திசையும் முக்கியம். டைபோல் தன் பக்கவாட்டில்தான் அதிகம் வீசும். கம்பியை வடகிழக்கு–தென்மேற்காகக் கட்டினால் அது வடமேற்கையும் தென்கிழக்கையும் பார்க்கும்: ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆஸ்திரேலியா. நியூயார்க்கும் உங்களுக்கு சுமார் 334 டிகிரியில் இருப்பதால், ஐரோப்பாவுக்குத் திருப்பிய ஆன்டெனா அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் ஆகும். இதனால்தான் சுழலும் யாகி இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன். டைபோலுக்குத் தென்கிழக்கே 3 மீட்டர் தள்ளி, 5 விழுக்காடு நீளம் கூட்டி இன்னொரு கம்பியைத் தனியாக, கேபிள் எதுவும் கொடுக்காமல் கட்டுங்கள். டைபோல் 10.1 மீட்டர் என்றால் இது 10.6 மீட்டர். இது ரிஃப்ளெக்டர். ஐரோப்பா பக்கம் 3, 4 டெசிபல் கூடும். முதுகுப் பக்கத்து இரைச்சலும் குறையும். ஆஸ்திரேலியா வேண்டும் என்ற நாளில் அந்தக் கம்பியை இறக்கிவிட்டால் போதும்.

சரி, கேபிளுக்கு வருவோம். 35 மீட்டர் ஆர்ஜி-58, புதிதாக இருந்தாலே, 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2 டெசிபல் தின்னும். உங்கள் 100 வாட்டில் 63 வாட்தான் ஆன்டெனாவைத் தொடுகிறது. 10 மீட்டர் பேண்டான 28 மெகாஹெர்ட்ஸில் பாதிதான் போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி-213 கேபிள் போட்டால் இந்த இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். மலையில் இதைவிடப் பெரிய கேடு ஈரம். வருடத்தில் பல மாதம் மூடுபனியில் நனையும் இணைப்பு வழியாக நீர் கேபிளின் உலோகப் பின்னலுக்குள் ஊறிவிடும். மோசமான செய்தி என்னவென்றால், அப்படிக் கெட்டுப்போன கேபிள் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டுவது) அருமையாகத் தெரியும். திரும்பி வரும் சக்தியையும் அதுவே விழுங்கிவிடுவதால் 1.2 என்று காட்டும். நாமும் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நானோவிஎன்ஏ (ஆன்டெனாவையும் கேபிளையும் சோதிக்கும் கையடக்கக் கருவி) போதும். ஆன்டெனா முனையில் கேபிளைக் கழற்றி ஷார்ட் செய்யுங்கள். ரிக் முனையில் 14 மெகாஹெர்ட்ஸில் ரிட்டர்ன் லாஸ் (போய்த் திரும்புவதில் ஆகும் இழப்பு) எவ்வளவு என்று பார்த்து இரண்டால் வகுத்தால் கேபிளின் ஒருவழி இழப்பு கிடைக்கும். 4 டெசிபல் காட்டினால் கேபிள் நலம். 7, 8 என்று காட்டினால் அதைத் தூக்கிப் போடுங்கள், காயவைத்துப் பயனில்லை. புதிய கேபிளின் வெளி இணைப்புகளைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றி, அதன் மேல் சாதாரண மின் டேப் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இரைச்சல்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. எஸ்7-ஐ எஸ்4-க்கு இறக்கினால் 18 டெசிபல் லாபம். உரிமம் அனுமதிக்கும் எந்த லீனியரும் அதைத் தராது. உங்களை அழைத்துவிட்டு, பதில் வராததால் போய்விட்ட ஐரோப்பிய நிலையங்களும் அந்த இரைச்சலுக்கு அடியில் இருந்திருக்கும். ஒரு மாலை ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறார்: எல்இடி பல்பு, சார்ஜர், டிவி அடாப்டர், இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். விழவில்லை என்றால் ஒலியைக் கவனியுங்கள். நொடிக்கு ஒருமுறை ‘டக் டக்’ என்று வந்தால் பக்கத்துத் தோட்டத்துச் சோலார் வேலி. வேலிக்கம்பியில் செடி உரசும் இடத்திலோ விரிசல் விட்ட இன்சுலேட்டரிலோ பொறி பறக்கிறது. இதை வேலிக்காரரிடம் சொன்னால் அவரே நன்றி சொல்வார், ஏனென்றால் அங்கே அவர் வேலியும் பலமிழந்திருக்கிறது. கரகரவென்று தொடர்ந்து வந்து, மழை பெய்ததும் நின்றுபோனால் மின்கம்பத்து இன்சுலேட்டரையோ தளர்ந்த இணைப்பையோ சந்தேகப்படுங்கள். கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் ஏறிப் பார்க்காதீர்கள்.

கூடவே, ஆன்டெனாவின் நடுவில் கேபிள் சேருமிடத்தில் ஒரு சோக் போடுங்கள். 31-ஆம் எண் கலவையில் செய்த பெரிய ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோஆக்ஸ் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் போதும். வீட்டு இரைச்சல் கேபிளின் மேல்தோல் வழியாக ஆன்டெனாவுக்கு ஏறுவதை இது தடுக்கும்.

இதெல்லாம் செய்த பிறகும் பாதை திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? 14.100 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுக்கப் பரவிய 18 பீக்கன்கள் (சோதனைக்கான தானியங்கி ஒலிபரப்பிகள்) ஆளுக்கு 10 நொடியாக, 3 நிமிடத்துக்கு ஒரு சுற்று ஒலிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்பிவிட்டு நான்கு நீள ஒலிகளை 100, 10, 1, 0.1 வாட்டில் அனுப்பும். ஃபின்லாந்தின் ஓஎச்2பி உங்கள் வடமேற்குப் பாதைக்கு நல்ல அளவுகோல். அதன் 10 வாட் ஒலி உங்களுக்குக் கேட்டால், அந்தப் பாதைக்கு 400 வாட் தேவையில்லை.

நேரமும் சூரியனும் பற்றி ஒரு வார்த்தை. 20 மீட்டர் பேண்டில் ஐரோப்பாவுக்கு மாலை 5 மணிக்கு மேல் முயலுங்கள். 25-ஆம் சூரியச் சுழற்சி 2024 இறுதிவாக்கில் உச்சம் தொட்டு இறங்குமுகத்தில் இருக்கிறது; ஆகவே 10 மீட்டர் பேண்ட் திறந்திருக்கும் நாட்களை வீணாக்காதீர்கள். அங்கே உங்கள் பழைய 6 மீட்டர் உயரமே அரை அலைநீளத்தைத் தாண்டிவிடும், மொத்தம் 5 மீட்டர் கம்பிதான் தேவை. இந்த வாரமே கட்டிவிடலாம்.

பதில் தராத நிலையங்கள் பற்றி: பெரிய டிஎக்ஸ் (தொலைதூர) நிலையத்தின் பைல்-அப்பில் (பலரும் ஒரே நேரத்தில் அதை அழைக்கும் நெரிசலில்) ஐரோப்பியர்களோடு மோதினால் நீங்கள் தோற்பீர்கள், அவர்கள் அதற்கு மிக அருகில் இருக்கிறார்கள். அந்த நிலையத்துக்காரர் எந்த அலைவரிசையில் கேட்கிறார் என்று முதலில் கவனியுங்கள். பலர் ஸ்ப்ளிட் வைத்து, அதாவது ஓரிடத்தில் அனுப்பி, 5 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்பார்கள், நாமோ அவர் அனுப்பும் இடத்திலேயே கத்திக்கொண்டிருப்போம். அதைவிட நல்ல வழி, காலியான இடம் பார்த்து நீங்களே சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிடுவது. ‘வி.யு.’ என்று தொடங்கும் இந்திய அழைப்புக்குறி அவர்களுக்கு வேண்டிய ஒன்று. இந்தியா அடங்கும் 22-ஆம் ஹாம் மண்டலத்துக்காகப் போட்டி நாட்களில் தேடுவார்கள். அக்டோபர் கடைசி வார இறுதியில் நடக்கும் சிக்யூ உலகப் போட்டியில் குரலில் கூப்பிட்டுப் பாருங்கள், பைல்-அப் உங்கள் பக்கம் திரும்பும். எஃப்டி8 என்ற கணினிவழிக் குறுஞ்செய்தி முறையில் 30 வாட்டிலேயே ஐரோப்பா முழுக்கப் போகலாம். அப்புறம் எந்த நாட்டில் உங்களைக் கேட்டார்கள் என்ற வரைபடமும் இணையத்தில் கிடைக்கும். ஆன்டெனா மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதை எடுத்து ஒப்பிடுங்கள்.

மர வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், உங்கள் பக்கம் அதுதான் பெருமழை. இடி முழங்கும் நாட்களில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். ரிக் பக்கம் தொங்கவிட்டால் போதாது. ஆன்டெனா எர்த்தை வீட்டு எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் இணையுங்கள். பாறை தட்டி எர்த் ராடு இறங்காத இடத்தில் ஒன்றுக்குப் பதில் மூன்று நான்கு ராடுகளைச் சிறிது தள்ளித் தள்ளி அடித்துச் சேர்க்கலாம்.

லீனியருக்கும் ஒரு நாள் வரும். 40 மீட்டர் பேண்டில் இரவில், எதிர்முனையின் இயற்கை இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்ற நிலையில் 6 டெசிபல் நியாயமான செலவு. அப்போதும் வாங்குவதற்கு முன், தோட்டத்து வீட்டில் மாலை நேர மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துகொள்ளுங்கள். லீனியருக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும்.